வாரம் என்னும் பாடநூல்: தோட்டப் பள்ளியின் ஆரம்ப வகுப்பு குறித்த ஒரு திறனாய்வு

திறனாய்வு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளம் காவியத்தையோ நாடகத்தையோ சிறுகதையையோ நாடிச் செல்லுதல் இயல்பு. எழுதப்பட்டு, அச்சேறி, கற்றோர் கைக்கு வந்த நூலே ஆராய்தற்கு உரியது என்பது நம்மிடையே வேரூன்றிய எண்ணம். ஆயின், இந்நாட்டின் ஆரம்ப வகுப்பு ஆசிரியர் ஒவ்வொருவரும் வாரந்தோறும் தம் கையால் எழுதும் நூல் ஒன்று உண்டு. அதற்குப் பொருள் உண்டு, அமைப்பு உண்டு, அதனைக் கற்கும் பிள்ளைகளும் உண்டு. அதிபர் கையொப்பம் இடுவதற்கும், கல்விப் பணிமனையினர் வரும்போது எடுத்துக் காட்டுவதற்கும் அப்பால், அதனையும் ஒரு நூலாகக் கருதி அதன் குணங் குற்றங்களை நாடியவர் மிகச் சிலரே. வாராந்தப் பாடத்திட்டம் என்னும் அச்சிறு நூலை, சபரகமுவ மாகாணத்துத் தெஹியோவிட்டப் பகுதித் தோட்டப் பிள்ளைகளை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தெஹியோவிட்ட, கேகாலை மாவட்டத்தில், அவிசாவளையிலிருந்து ஹற்றன் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த சிற்றூர். மலையகம் என்றதும் வடபுலத்து வாசகரின் மனக்கண்ணில் தோன்றும் நுவரெலியாவின் குளிரும் பனிமூட்டமும் இங்கில்லை. தாழ்ந்த குன்றுகளும், மிகுந்த மழையும், புழுக்கமும், இறப்பர் மரங்களும், அவற்றினிடையே தாழ்நிலத் தேயிலையும் கொண்ட பிரதேசம் இது. சுற்றிலும் சிங்களக் கிராமங்கள்; கடைத்தெருவில் சிங்களமே பேச்சுமொழி. தோட்டத்து லயங்களில் தமிழ் ஒலிக்கும். அத்தமிழை எழுத்தாக்கிப் பிள்ளையின் கையிற் கொடுக்கும் இடம் தோட்டப் பாடசாலையின் ஆரம்ப வகுப்பு ஒன்றே. முதல் மூன்று ஆண்டுகளில் ஒரு பிள்ளை தமிழ் எழுத்தைத் தவறவிடுமாயின், பின்னர் அதனை மீட்டுக் கொடுக்க வீட்டிலும் ஆளில்லை, ஊரிலும் ஆளில்லை. சபரகமுவத் தோட்டங்களிலே தமிழ்க் குடும்பங்கள் பல தம் பிள்ளைகளைச் சிங்களப் பாடசாலைகளில் சேர்த்துவருவதும், ஓரிரு தலைமுறையில் தமிழ் எழுத்து அக்குடும்பங்களை விட்டு நீங்குவதும் கண்கூடு. ஆதலின், ஓர் ஆரம்ப வகுப்பின் வாரம் எவ்வாறு நடைபெறுகின்றது என்பது இங்கே சிறுபொருள் அன்று.

இவ்வகுப்பறை எவ்வாறு தோன்றியது என்பதைச் சுருக்கமாக நோக்குவாம். 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டம், தோட்டத்துத் தொழிலாளரின் 6 வயது முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் கடமையைத் தோட்டத்துரைமீது சுமத்தியது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் அக்கடமையை மேலும் வற்புறுத்தியது. எனினும், தோட்டத்தின் தேவைக்கு எவ்வளவு போதுமோ அவ்வளவு எழுத்தும் எண்ணுமே அங்குக் கிடைத்தன. லயத்தின் ஓர் அறை, ஓர் ஆசிரியர், பல வயதுப் பிள்ளைகள், சில மணி நேரம், இதுவே பெரும்பாலும் பாடசாலை. 1945இல் இலவசக் கல்வி நாட்டிற்கு வந்தபோதும், 1960இல் உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை அரசு ஏற்றபோதும், தோட்டப் பாடசாலைகள் பின்தங்கியே நின்றன. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே அவை படிப்படியாக அரசின் பொறுப்பிற்கு வந்தன. 1986 தொடக்கம் சுவீடன் நாட்டு உதவியுடன் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் விரிவடைந்தன. இவ்வரலாற்றை அங்கெலா லிற்றில் என்னும் ஆங்கில அறிஞர் 1999இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். நம்மவருள் பேராசிரியர் சோ. சந்திரசேகரன் இத்துறையில் பலகாலும் எழுதியுள்ளார். கட்டடமும் ஆசிரியரும் பாடநூலும் வந்துவிட்டன என்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் இவற்றோடு சேர்ந்து வந்த மற்றொன்றை நாம் கவனித்திலம். அதுவே வாரம்.

திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள் பள்ளி, இரண்டு நாள் ஓய்வு என்னும் ஒழுங்கு இயற்கை வகுத்ததன்று, மனிதர் வகுத்தது. நம் முன்னோர் பயின்ற திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கிழமையை நோக்கி விடுமுறை விடப்படவில்லை. அமாவாசை, பௌர்ணமி முதலிய திதிகளை ஒட்டிய வாவு நாள்களே ஓய்வு நாள்கள். இரவீந்திரநாத தாகூர் 1901இல் சாந்திநிகேதனத்தில் தொடங்கிய கல்விக்கூடத்தின் மரபில் வார ஓய்வு நாள் புதன்கிழமை. நம் நாட்டிலேயே 1966 தொடக்கம் 1971 வரை சனி ஞாயிறு விடுமுறை கைவிடப்பட்டு, போயா நாள்களை ஒட்டி வார விடுமுறை அமைந்திருந்ததை முதியோர் இன்றும் நினைவு கூர்வர். அக்காலத்தில் வாரம் சிலபோது ஏழு நாளாகவும் சிலபோது எட்டு நாளாகவும் அமைந்தது. 2022இல் எரிபொருள் நெருக்கடி ஏற்பட்டபோது, சில வாரங்கள் பாடசாலைகள் வாரத்திற்கு மூன்று நாள்களே நடைபெற்றன. வாரம் என்பது வேண்டியபோது வளைத்துக்கொள்ளத்தக்க ஒன்று என்பது இவற்றால் தெளிவாகும். ஆயினும், பாடத்திட்டம் எழுத அமரும்போது மட்டும் அதனை மாற்றவொண்ணாத விதியாக நாம் கொள்கின்றோம்.

தோட்டத்தில் வேறொரு வாரம் நடைபெறுகின்றது. இறப்பர் மரத்தில் பால் வெட்டுதல் விடியற்காலைத் தொழில்; வெயில் ஏறுமுன் வெட்டினாலன்றிப் பால் நன்கு வடியாது. தாய் தந்தையர் இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் சென்றுவிட, பிள்ளையை எழுப்பி, முகங்கழுவித் தலைவாரி அனுப்புவார் பல வீடுகளில் இலர். பிள்ளைக் காம்பரா திறக்கும்வரை கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எட்டு வயதுத் தமக்கைமீது விழுகின்றது. மழை பெய்தால் பால்வெட்டு இல்லை. பெற்றார் வீட்டில் இருப்பர். ஆனால் அன்று ஓடை பெருகிப் பாதை வழுக்குதலின் பிள்ளை பள்ளிக்கு வருவதில்லை. சம்பள நாளுக்கு மறுநாள் குடும்பமே கடைக்குச் செல்லும். ஆண்டின் தொடக்கத்தில் மரங்கள் இலையுதிர்த்துப் பால் குறையும்போது பேர் குறையும். பேர் குறைந்தால் உணவும் குறையும். உணவு குறைந்தால் வகுப்பில் வரவு குறையும். ‘பேர்’ என்பது தோட்டத்தார் வழக்கு. ஒரு நாள் வேலைக்குச் செக்றோலில் விழும் பதிவே பேர். காலையில் ஆசிரியர் வரவு இடாப்பைத் திறந்து பிள்ளையின் பேரைக் கூப்பிடுகின்றார். அதற்கு முன்னரே மலையில் தாயின் பேர் கூப்பிடப்பட்டாயிற்று. முதற் பேர் இரண்டாம் பேரைப் பெரும்பாலும் நிருணயித்துவிடுகின்றது.

இவ்விரு வாரங்களும் மோதும் இடத்தையே திறனாய்வாளன் நோக்கல் வேண்டும். ஆரம்ப வகுப்பில் நாம் வழக்கமாக எழுதும் வாராந்தத் திட்டத்தின் அமைப்பு இது: திங்கட்கிழமை கருப்பொருளை அறிமுகஞ் செய்தல், செவ்வாயன்று அது பற்றி உரையாடலும் படம் பார்த்தலும், புதனன்று புதிய சொற்களை வாசித்தல், வியாழனன்று எழுதுதல், வெள்ளியன்று மீட்டலும் கணிப்பும். பார்ப்பதற்கு அழகிய அமைப்பே. ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து, எளிதிலிருந்து அரிதை நோக்கிச் செல்கின்றது. ஆயின், இவ்வழகு யாருக்கு உரியது? ஐந்து நாளும் வரும் பிள்ளைக்கே உரியது. திங்களும் புதனும் வாராத பிள்ளை செவ்வாயன்று வந்து காண்பது தலையில்லாத உடல்; வியாழனன்று வந்து காண்பது தான் வாசித்தறியாத சொல்லை எழுதும் வேலை. வெள்ளிக்கிழமை அப்பிள்ளைக்கு நேர்வது கணிப்பு அன்று, தண்டனையே.

இவ்வமைப்பை இலக்கிய வழக்கில் வைத்துக் கூறின், இது அந்தாதி யாப்பு. காரைக்காலம்மையாரின் அற்புதத் திருவந்தாதி முதலாக நாம் நன்கறிந்த அவ்வகையில், முன்பாட்டின் ஈறு பின்பாட்டின் தொடக்கம் ஆகும். ஒரு பாட்டு விடுபட்டால் தொடை அறும். முழுவதையும் மனத்திற் கொண்டவருக்கு அஃது இன்பம்; இடையிடையே வந்து கேட்பவருக்குத் தொடர்பற்ற ஒலி. தேவாரப் பதிகத்தின் அமைப்போ வேறு. ஒவ்வொரு பாட்டும் தன்னளவிற் பொருள் நிரம்பியது. எனினும் பல பதிகங்களில் தலத்தின் பெயரோ இறைவன் திருப்பெயரோ பாட்டுத்தோறும் ஈற்றில் மீண்டு வந்து எல்லாவற்றையும் ஒன்றாகப் பிணிக்கின்றது. கோயிலுக்குப் பிந்தி வந்தவன் ஏழாம் பாட்டிலிருந்து கேட்பினும் வெறுங்கையோடு திரும்பான். தோட்டத்துப் பிள்ளைக்கு வாரம் பதிகமாக அமைதல் வேண்டும். நாம் அதனை அந்தாதியாக அமைக்கின்றோம். என் குற்றச்சாட்டின் சாரம் இதுவே.

இது புதுமை நாட்டமன்று. நன்னூலின் பாயிரத்தில் பவணந்தியார், கற்பிப்போன் காலத்தையும் இடத்தையும் நன்கு ஆராய்ந்து, கற்போன் ஏற்கும் முறை தெரிந்து கற்பித்தல் வேண்டும் என்கின்றார். ஒரு பாடத்தை இருமுறை கேட்டவனுக்குப் பிழை நீங்கும் என்றும், மும்முறை கேட்டவன் பிறர்க்கு முறையறிந்து உரைக்கவும் வல்லவனாவான் என்றும் அவர் கூறுவது நாமனைவரும் பரீட்சைக்குப் படித்ததே. இருமுறை, மும்முறை கேட்டற்கு இடமளிக்கும் அமைப்பு எது? மீண்டு மீண்டு வரும் அமைப்பே. ஒரே முறை சொல்லி மேற்செல்லும் வாரத்தில் பவணந்தியாரின் விதிக்கு இடமில்லை.

கலைத்திட்டம் வகுத்தோரை இங்குப் பழித்தல் முறையன்று. 1998இல் கம்பகாவில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி 1999இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், பாடங்களைத் துண்டுபடுத்தாது தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல்சார் செயற்பாடுகள் என ஒருங்கிணைத்தது. முதலிரு தரங்களில் விளையாட்டுக்கு முதன்மை தந்து, பின்னர் செயற்பாட்டையும் மேசை வேலையையும் படிப்படியாகக் கூட்டியது. சுற்றாடலிலிருந்து பாடம் பிறக்க வேண்டும் என்னும் கொள்கை அதன் உயிர்நாடி. பிழை கொள்கையில் இல்லை. அக்கொள்கையை நாம் வாரமாக்கிய முறையிலேயே உள்ளது. சுற்றாடல் என்று எழுதிவிட்டு, சுவரில் மாட்டிய படத்தைக் காட்டினோம். சன்னலுக்கு வெளியே இறப்பர்க் காய் வெடித்து விதை சிதறும் ஓசை கேட்டுக்கொண்டிருந்தது.

என் பிழையொன்றையே எடுத்துக்காட்டாகக் கூறுகின்றேன். தரம் 2இல் ‘எங்கள் வீடு’ என்னும் கருப்பொருளுக்குப் படம் வரையச் சொன்னேன். வாரத்தில் இரண்டு மூன்று நாளே வரும் ஒரு சிறுமி, கொப்பியின் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை நீண்ட கட்டடம் ஒன்றை வரைந்து, ஆறு கதவுகளை இட்டு, நான்காவது கதவுக்கு மாத்திரம் நிறந்தீட்டியிருந்தாள். நானோ கரும்பலகையில் ஒரு முக்கோணக் கூரை, ஒரு கதவு, இரண்டு சன்னல், அருகே ஒரு பூமரம் வரைந்து, “வீடு என்றால் இப்படி வரைய வேண்டும், பிள்ளை” என்றேன். அவள் மறுபேச்சின்றித் தன் படத்தை அழிறப்பரால் அழித்து என் படத்தைப் பார்த்து எழுதினாள். அன்று மாலை கொப்பிகளைத் திருத்தும்போது, அழித்த தாளில் ஆறு கதவுகளின் தடம் இன்னும் தெரிந்தது. வகுப்பில் அவள் ஒருத்தியே உண்மையாக வரைந்தவள். அவளை ஒருத்தியையே நான் திருத்தினேன். அடுத்த வாரம் முழுவதும் அவள் வாய் திறக்கவில்லை.

தரம் 3இல் நிகழ்ந்தது மற்றொன்று. அரை என்னும் பின்னத்தைப் புகட்ட வட்டத்தை இரண்டாக வெட்டிக் காட்டினேன், தாளை மடித்தேன், தோடம்பழமும் கொண்டுவந்தேன். பின் வாங்கில் இருந்த பையனுக்கு ஒன்றும் ஏறவில்லை என்று எண்ணினேன். இடைவேளையில் அவன் தன் தோழனிடம், “எங்கம்மாவுக்கு இந்தக் கிழமை நாலு முழுப்பேரு, ரெண்டு அரைப்பேரு, அப்ப அஞ்சு பேரு” என்று சொல்லிக்கொண்டிருந்தான். இரண்டு அரை ஒன்றாகும் என்பதை அவனுக்கு நான் கற்பிக்க வேண்டியதில்லை; அவன் அறிந்ததற்கு ‘அரை’ என்னும் எழுத்தையும் குறியீட்டையும் கொடுத்தலே என் வேலையாயிருந்தது. அவனுடைய வாரம் கணக்கால் நிரம்பியிருந்தது. என்னுடைய வாரத்தில் அதற்குப் பாடவேளை இல்லை.

நியூசிலாந்தில் மாவோரிச் சிறுவர்களுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்ரன்-வோர்ணர் 1963இல் வெளியிட்ட ‘ஆசிரியர்’ என்னும் நூலில், ஒவ்வொரு பிள்ளையும் தன் உள்ளத்திலிருந்து கேட்டு வாங்கும் சொல்லையே அதன் முதல் வாசிப்புச் சொல்லாகக் கொடுத்த முறையை விவரிக்கின்றார். நமக்கு அவ்வளவு தூரஞ் செல்லவும் தேவையில்லை. ஆறுமுக நாவலர் பாலபாடங்களை எழுதியபோது தம் காலத்து யாழ்ப்பாணப் பிள்ளையின் சமயத்தையும் ஒழுக்கத்தையும் மனத்தில் வைத்தே எழுதினார். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் ஆடிப்பிறப்பையும் கத்தரித் தோட்டத்து வெருளியையும் பாடியபோது, தம் முற்றத்தில் நின்ற பிள்ளை கண்டதையும் உண்டதையுமே பாடினார். அப்பாடல்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்வதற்குக் காரணம் அம்மண்வாசனையே. அவற்றைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் கற்பிப்போம். தமிழ்ச் செல்வம் யாவும் அப்பிள்ளைக்கும் உரியதே. ஆனால் புலவரிடமிருந்து நாம் கற்கவேண்டியது பாட்டை மட்டுமன்று, பாட்டுப் பிறந்த முறையையுமாம். முற்றத்தில் நிற்பதைப் பாடு என்பது அம்முறை. தெஹியோவிட்டவின் முற்றத்தில் நிற்பது பனையன்று. சிரட்டை கட்டிய இறப்பர் மரம். தோட்டத்து மக்கள் வாய்மொழியாகப் பாடிவந்த பாடல்களைச் சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து, ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என 1983இல் நூலாக்கி அளித்துள்ளார். மாசியிற் காமன் கூத்தும் தோட்டங்களில் நிகழ்கின்றது. இவை யாவும் கலைவிழா மேடைக்கு மட்டும் உரியன என ஒதுக்கிவிட்டோம். தரம் 2இன் செவ்வாய்க்கிழமைக்குள் இவற்றை நாம் அழைத்திலம்.

இனி, இக்கருத்துக்கு எதிராக எழும் வினாக்களை ஆராய்வாம்.

“பிள்ளை நாள்தோறும் வருதலே ஒழுங்கு; வாராத பிள்ளைக்காக வாரத்தை வளைப்பது சோம்பலுக்குத் துணைபோதல்” என்பர் சிலர். வரவை உயர்த்த முயலுதல் கடமை என்பதில் ஐயமில்லை. லயத்திற்குச் சென்று பெற்றாருடன் பேசிய ஆசிரியர் எவரும் அதன் பயனை அறிவர். ஆனால், வாரத்தின் மூன்று நாளே வந்த பிள்ளைக்கு அம்மூன்று நாளும் விளங்காத பாடத்தைக் கொடுத்தால், அடுத்த வாரம் அப்பிள்ளை இரண்டு நாளே வரும். விளங்காமை வாராமையைப் பெறுகின்றது. வாராமை விளங்காமையைப் பெருக்குகின்றது. இச்சுழலை வெட்டும் இடங்களுள் ஆசிரியர் கைக்கு எட்டுவது ஒன்றே. வழுக்கும் பாதையை அவர் செப்பனிட இயலாது. பெரட்டு நேரத்தை மாற்ற இயலாது. வந்த நாளை நிறைவான நாளாக்க அவரால் இயலும்.

“ஐந்தாந் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை நிற்கின்றதே, பாடங்களை ஒழுங்காக முடிக்காவிட்டால் பிள்ளைகளின் கதி என்னாவது?” என்பது இரண்டாவது வினா. இது நியாயமான அச்சமே. தோட்டத்துப் பிள்ளைக்கு நல்ல பாடசாலையின் கதவைத் திறக்கும் திறவுகோல்களுள் அப்பரீட்சையும் ஒன்று. ஆயினும் பாடங்களை முடித்தல் வேறு, பிள்ளை கற்றல் வேறு. திட்டப் புத்தகத்தில் நாற்பது வாரமும் சிவப்பு மையால் சரி இடப்பட்டிருக்க, ஐந்தாந் தரத்துப் பிள்ளை பத்தியொன்றை வாசிக்க இடர்ப்படுவதை நாம் கண்டதில்லையா? நம் கையெழுத்தாலேயே நாம் நம்மை ஏமாற்றிக்கொள்ளும் இடம் இது.

“பேர், லயம், பெரட்டு என்னும் சொற்களை வகுப்பிற் கொண்டுவந்தால் பிள்ளை என்றும் தோட்டத்தானாகவே இருந்துவிடும், நாம் செந்தமிழ் புகட்டவன்றோ வந்தோம்?” என்பது மூன்றாவது வினா. இவ்வினாவை எழுப்புவோர் பெரும்பாலும் பிள்ளைமீது அன்புடையவரே. தோட்டத்திலிருந்து வந்து ஆசிரியரானோரும் இதனை எழுப்புகின்றனர். அவர்தம் நோவு எனக்கு விளங்குகின்றது. ஆனால் வீட்டுச் சொல் முடிவிடமன்று, படிக்கட்டு. லயம் என்று எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ‘இல்லம்’ என்னும் சொல்லைக் கொடுப்பது எளிது. எதனையும் எழுதாத பிள்ளைக்கு இரண்டும் அந்நியமே. மேலும், தன் சொல்லைப் பள்ளியில் கேட்ட பிள்ளை தமிழைத் தன் மொழியென்று கொள்ளும். கேளாத பிள்ளை, கடைத்தெருவின் மொழி வேறு, பள்ளியின் மொழி வேறு, இரண்டும் தன்னுடையன அல்ல என்று மௌனமாகிவிடும். சபரகமுவவில் தமிழ் இழக்கப்படுவது இம்மௌனத்திலேயே தொடங்குகின்றது.

அங்ஙனமாயின் செய்யற்பாலது யாது? பெருந்திட்டங்களை நான் முன்வைக்கவில்லை. ஓர் ஆசிரியர், ஒரு கரும்பலகை, ஒரு வகுப்பு என்னும் எல்லைக்குள் நான் முயன்று பார்த்தவற்றையே கூறுகின்றேன்.

முதலாவது, ஒவ்வொரு நாளும் தன்னளவில் நிறைதல். ஒரு நாளில் ஒரு பேச்சு, சில சொல், ஒரு வாக்கியம் வாசித்தல், ஒரு வாக்கியம் எழுதுதல் என்னும் நான்கும் சிறு அளவிலேனும் இடம்பெறல் வேண்டும். திங்கள் பேச்சுக்கு, வியாழன் எழுத்துக்கு என்னும் பிரிவினை ஒழியல் வேண்டும். அன்று மட்டும் வந்த பிள்ளையும் முழுப் பாடம் ஒன்றைப் பெற்றுச் செல்லும்.

இரண்டாவது, மீண்டு வரும் ஈற்றடி. வாரத்திற்கு ஐந்து சொல் என வரையறுத்து, அவ்வைந்தும் நாள்தோறும் புதிய கோலத்தில் வரச்செய்தல். ஒரு நாள் பாட்டில், ஒரு நாள் கதையில், ஒரு நாள் கணக்கில், ஒரு நாள் விளையாட்டில். நாள்தோறும் வரும் பிள்ளைக்கு இது சலிப்பாகாது; கோலம் மாறுகின்றதன்றோ? வாராத பிள்ளைக்கோ இதுவே கைப்பிடி.

மூன்றாவது, நாளேடு. பள்ளி முடியுமுன் வந்திருந்த பிள்ளைகள் அன்று நிகழ்ந்ததை இரண்டு மூன்று வாக்கியத்தில் சொல்ல, அதனை ஆசிரியர் பெரிய தாளில் எழுதிச் சுவரில் தொங்கவிடுதல். மறுநாட் காலையில், நேற்று வாராத பிள்ளைக்கு நேற்று வந்த பிள்ளை அதனை வாசித்துக் காட்டும். திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இதனையே செய்தான். அண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் சென்னையில் இம்முறையைக் கண்டு பயன்படுத்தி, 1797இல் இங்கிலாந்தில் நூலாக வெளியிட, அது மேனாட்டிலும் பரவியது. நம் வீட்டுப் பொருளே திரும்பி வருகின்றது. பல தரங்களை ஓரறையில் வைத்துக் கற்பிக்க வேண்டியுள்ள சிறு தோட்டப் பள்ளிகளுக்கு இது பெரிதும் உதவும்.

நான்காவது, வரவு இடாப்போடு ஒரு பேற்று இடாப்பு. பிள்ளை வந்ததா என்பதோடு, எதனைப் பெற்றுச் சென்றது என்பதையும் ஒரு சொல்லாற் குறித்து வைத்தல். தமிழ்நாட்டில் 2003 அளவில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், ஒவ்வொரு பிள்ளையும் தான் விட்ட படியிலிருந்தே ஏறுதற்குக் கற்றல் ஏணியும் அட்டைகளும் இருந்தன. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியாரின் அனுபவம் அதற்கு மூலம். அம்முறையின் சிறப்பு, வாராத நாள் பிள்ளையைத் தண்டிப்பதில்லை என்பதே. எனினும் மொழியை அட்டையோடு தனித்திருந்து கற்றல் போதாது; பேசுவோரும் கேட்போரும் சேர்ந்திருத்தல் வேண்டும். ஆதலின் ஏணியைக் கணிதத்திற்கும், பதிகத்தை மொழிக்கும் கொள்ளுதல் தகும் என்பது என் துணிபு.

இவற்றால் வரவு உயர்ந்துவிட்டது என்று நான் கூறவில்லை. மழை பெய்த நாளில் இன்றும் வாங்குகள் வெறுமையாகவே உள்ளன. ஆயினும் வந்த நாளில் பிள்ளைகள் வாய் திறக்கின்றனர். ஆறு கதவு வரைந்த சிறுமி ஒரு வியாழக்கிழமை வந்தாள். அதற்கு முந்திய மூன்று நாளும் அவள் வரவில்லை. முதல் நாளின் நாளேட்டை அவளுடைய தோழி விரல்வைத்து வாசித்துக் காட்டினாள். அதிலே ‘லயம்’ என்னும் சொல் எழுதப்பட்டிருந்தது. சிறுமி அச்சொல்லை இருமுறை தானே வாசித்தாள், பின் என்னிடம், “சேர், எங்க லயத்துல ஆறு வீடு. எங்களது நாலாவது” என்றாள். அன்றைய நாளேட்டின் முதல் வாக்கியமாக அதனையே எழுதினேன். இம்முறை நான் ஒன்றையும் திருத்தவில்லை.

வாராந்தப் பாடத்திட்டம் சிறிய நூல்தான். அதனை எழுதுவோருக்குப் புகழ் இல்லை. வெள்ளிக்கிழமையோடு அதன் ஆயுள் முடிகின்றது. ஆனால் தெஹியோவிட்ட போன்ற இடங்களிலே, ஒரு பிள்ளை வாசிக்கும் முதல் தமிழ் நூல் அதுவே. அச்சேறிய பாடநூலின் குறையை அரசு திருத்தட்டும். வாரம் என்னும் பாடநூலின் குறையைத் திருத்தும் பேனா நம் கையிலேயே இருக்கின்றது. ஆசிரியத் தொழிலை மேற்கொள்ளவிருக்கும் இக்கல்லூரி மாணவர் எவரேனும் நாளை அப்பக்கம் வருவாராயின், ஞாயிறு மாலை திட்டப் புத்தகத்தைத் திறக்குமுன், திங்கட்கிழமை வாராத பிள்ளை யார், செவ்வாயன்று அப்பிள்ளை வந்தால் அதற்கு நாம் கொடுக்கவிருப்பது யாது என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்பாராக.